வால் துறையும் நாக்குத் துறையும்

அல்லிக்குளத்துத் தவளைகள் ஒரு பல்கலைக்கழகம் நடத்தின. அங்கே பாம்பைப் பற்றி மட்டும்தான் ஆராய்ச்சி. வால் துறைக்கு ஒரு பேராசிரியர், நாக்குத் துறைக்கு ஒரு பேராசிரியர். முழுப் பாம்புக்குத் துறையே கிடையாது. அதில் ஆழம் போதாதாம்!

வயல் தவளைக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவள் பூவாத்தா. அன்று அவளுக்கு வாய்மொழித் தேர்வு. தேறிவிட்டால் முனைவர் பட்டம். அதைப் பார்க்க அம்மா, அத்தைகள், குஞ்சு குளுவான்கள் எல்லாம் குளக்கரையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பாறைமேல் இரு பேராசிரியர்களுக்கும் முன்னால் நின்று பூவாத்தா பேசத் தொடங்கினாள். அம்மாவுக்குப் பின்னால் புல் அசைந்தது. சாரைப்பாம்பு!

“ஐயா... பாம்பு...” என்று தொண்டைக்குள் முனகினாள்.

வால் பேராசிரியர் முகம் சுளித்தார். “பாம்பு என்று பாமரர் சொல்லலாம். பட்டம் வாங்குபவள் சொல்லலாமா? முறையாகச் சொல், அம்மா!”

பட்டம் போய்விடுமோ என்ற பயத்தில் அவள் முறையாகவே சொன்னாள். “கரையோரப் புல்வெளியில், காலற்ற நீளுடல் ஊர்வன ஒன்றின் இடப்பெயர்ச்சி அவதானிக்கப்படுகிறது!”

அம்மா பூரித்துப் போனாள். “எம்மக என்னமா பேசுறா பாருங்கடி! ஒரு எழவும் புரியலையே!”

அத்தைகள் கைதட்டினார்கள். பாம்பு இன்னும் நெருங்கியது.

“நாக்கு தெரிகிறது,” என்றார் நாக்குப் பேராசிரியர். “ஆனால் அது பாம்பினுடையதுதானா என்பது மேலாய்வுக்கு உரியது.”

“வால் இன்னும் வந்து சேரவில்லை,” என்றார் வால் பேராசிரியர். “அதுவரை நான் கருத்துச் சொல்வதற்கில்லை.”

பாம்பு வாயைத் திறந்தது. பூவாத்தாவுக்குப் பட்டம் மறந்துபோனது.

“ஆத்தா! பாம்பு! குதி!”

தொபுக், தொபுக்கென்று குடும்பமே குளத்தில் விழுந்தது. பூவாத்தாவும் பாய்ந்தாள். ஏமாந்த பாம்பு பாறைப் பக்கம் திரும்பியது.

“தேர்வின் நடுவே குதிப்பதா? என்ன ஒழுங்கீனம்!” என்று பாறைமேல் இருந்த பேராசிரியர்கள் இருவரும் ஒரே குரலில் கண்டித்தார்கள். அவர்கள் ஒத்த கருத்துக்கு வந்தது அதுவே முதல் முறை.

நாக்குப் பேராசிரியர் நாக்கை மிக அருகிலிருந்து ஆராயும் பேறு பெற்றார். அடுத்து வால் பேராசிரியர். வால் வந்து சேர்ந்தபோது, அதைப் பார்க்க அவர் இல்லை.

“அப்ப பட்டம்?” என்றாள் அம்மா, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியபடி.

“உசிரு இருந்தா அடுத்த வருசம் பாத்துக்கலாம், ஆத்தா. நீ முங்கு!”

ஆபத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தாலும், கேட்பவருக்குப் புரியும்படி சொல்லாத அறிவு ஒருவரையும் காப்பாற்றாது.