பிரிங்க முதலாளி, கூடவே இருக்கேன்

ஒர்க்‌ஷாப் முதலாளி வேதமுத்து வண்டியை ஒரு உதை உதைத்தார். "இஞ்சின் போச்சு. பிரிச்சா பன்னெண்டாயிரம் ஆகும். விட்டுட்டு நாளைக்கு வாய்யா."

அந்த வண்டியில்தான் மரியதாஸ் ஊர் ஊராக அப்பளம் விற்கிறார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிரிங்க முதலாளி, கூடவே இருக்கேன்."

"ராத்திரி ஆயிடும். வீட்டுல தேட மாட்டாங்களா?"

"தேட ஆளில்ல. பேசிக்கிட்டே பாக்குறேன்."

பக்கத்தில் ஆள் இருக்கும்போது நல்ல இஞ்சினைப் பிரித்து எந்தப் பழுதைக் காட்டுவது? வேதமுத்து மத்தியானம்வரை பொறுத்தார். செத்துப்போன மனைவி வைத்த கருவாட்டுக் குழம்புவரை மரியதாஸ் பேசிவிட்டார். கடைசியில் முதலாளி பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒரே உதையில் வண்டி உறுமியது.

"காசே வேணாம், கிளம்புய்யா!"

மரியதாஸ் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவை நல்லாப் பாருங்களேன், முதலாளி. வேற ஏதாச்சும் போயிருக்கப் போகுது."