துரத்தினால்தான் சாப்பாடு என்றிருந்த நரி

குளக்கரைப் புதரில் கருக்கன் என்றொரு நரி வளை தோண்டிக் குடியிருந்தது. பதினைந்து நாள் அக்கரைக் காட்டில் சுற்றிவிட்டு ஒரு சாயங்காலம் வீடு திரும்பினால், வளைக்கு நாலடி தள்ளிப் புல்லுக்குள் ஒரு காடை உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் சிலம்பாயி. வயிற்றுக்கு அடியில் ஐந்து முட்டை.

நரி வாசலில் காடை கூடு வைக்குமா, அதற்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்பீர்கள். கருக்கனும் அதையேதான் கேட்டது. கேட்டுவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டது. போன வருஷம் சிலம்பாயியின் முட்டைகளைத் தின்றதே அதுதான். அப்போது காடை சண்டைக்கு வரவில்லை, சாபம் விடவில்லை. வளை வாசலில் உட்கார்ந்து மூன்று நாள் அழுதது. அந்த அழுகை நரியின் காதைவிட்டுப் போகவே இல்லை.

"உடும்பு உன் வளைப் பக்கம் வராது, அண்ணே. அதனாலதான் இங்க வந்தேன்," என்றது காடை. "ஒரு கூட்டைத் தின்ன நீ, ஒரு கூட்டுக்குக் காவல் இருக்கணும். இன்னும் ஏழு நாள்ல பொரிஞ்சிடும்."

நரி தலையாட்டியது. சரி என்றது. ஆனால் தன் குணம் தனக்குத் தெரியும் அல்லவா? வாயில் கறி ருசி பட்டுவிட்டால் கால் சொன்ன பேச்சு கேட்காது. ஆகவே ஒரு எலி, ஒரு நண்டுகூடக் கூடாது, இன்றிலிருந்து சுத்த சைவம் என்று அந்த இடத்திலேயே சத்தியம் செய்தது.

சத்தியம் செய்வது நிமிஷ வேலை. அதற்கப்புறம் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று வருமே, அப்போதுதான் விஷயம் தெரியும். கறி இல்லை என்றால் என்னதான் தின்பது? கருக்கனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறந்ததிலிருந்து சைவமாகவே இருக்கிறவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று கிளம்பியது.

முதலில் புள்ளிமான். நரியைப் பார்த்ததும் மானுக்குப் பாதி உயிர் போய்விட்டது. விஷயத்தைக் கேட்டதும் போன உயிர் திரும்பி, கூடவே கொஞ்சம் கர்வமும் வந்தது. புல்லைப் போல உண்டா என்று ஆரம்பித்தது. முதலில் மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். பிறகு நிழலில் படுத்து, விழுங்கியதை மேலே கொண்டுவந்து நிதானமாக அசைபோட வேண்டுமாம். நரி அப்படியே விழுங்கியது. அப்படியே படுத்தது. புல் மேலே வந்தது வாஸ்தவம்தான். ஆனால் வாயில் நிற்காமல் வெளியே போய்விட்டது.

மறுநாள் வௌவால். அத்திப்பழம்தான் ஆகாரம், தலைகீழாகத் தொங்கிச் சாற்றைக் குடித்துச் சக்கையைத் துப்ப வேண்டும், நேராக நின்று தின்றால் செரிக்காது என்றது. கருக்கன் சாய்ந்த கிளை ஒன்றில் பின்னங்காலை மாட்டிக்கொண்டு தொங்கியது. பழம் வாய்க்கு எட்டுவதற்குள் மண்டை தரைக்கு எட்டிவிட்டது.

வீங்கிய மண்டையோடு மூன்றாம் நாள் முள்ளம்பன்றியிடம் போனது. பூமிக்கு அடியில் கிழங்கு இருக்கிறது, தோண்டித் தின் என்று அது சுருக்கமாக முடித்துக்கொண்டது. நரிக்குத் தோண்டவா தெரியாது? தோண்டியது, கிடைத்ததைக் கடித்தது. அது காட்டுக் கருணை. நாக்கும் தொண்டையும் அரித்த அரிப்பில் பாதிக் குளத்தைக் குடித்துவிடும் போலிருந்தது. அரிக்கிற கிழங்கும் உண்டு என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீ கேட்கவில்லையே என்கிறது முள்ளம்பன்றி. இப்படியும் ஒரு ஜீவன்!

வளைக்குத் திரும்பும்போதெல்லாம், சாப்பிட்டாயா என்று காடை விசாரிக்கும். சாப்பிட்டேன் என்று நரி பொய் சொல்லும். பசிக்கிறது என்று சொன்னால் அந்தத் தாய் மனசு என்ன பாடுபடும் என்று அதற்குத் தெரியும்.

அப்புறம் புறா. தானியத்தைப் பொறுக்கி, நடுநடுவே கூழாங்கல்லையும் விழுங்கு, கல் இல்லாமல் வயிறு அரைக்காது என்றது. தானியத்தைவிடக் கல் சுலபமாகக் கிடைத்ததால் கருக்கன் கல்லையே அதிகம் விழுங்கித் தொலைத்தது. வயிறு கனத்தது, பசி அடங்கவில்லை. யானையோ, ராத்திரிச் சாப்பாடு என்று தனியாக ஒன்று இருப்பதே தப்பு, விடிந்ததிலிருந்து நிறுத்தாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி, மரப்பட்டை ஒன்றை உரித்து முன்னால் போட்டது. அதைக் கடித்ததில் நரிக்கு ஒரு பல் ஆட்டம் கண்டது.

ஐந்து நாள் போயிற்று. மென்று விழுங்குவதா, விழுங்கி மெல்லுவதா? தொங்குவதா, தோண்டுவதா? எதைத் துப்புவது, எதை வைத்துக்கொள்வது? பாவம், நரிக்குத் தலை சுற்றியது. பசியில் சுற்றியதா, குழப்பத்தில் சுற்றியதா என்பதுகூட அதற்குத் தெரியவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. குஞ்சுகள் உள்ளே இருந்தபடியே தாயைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டன. அதைக் கேட்டதும் கருக்கனின் வாயில் எச்சில் ஊறியது. ஊறியதும் அது சட்டென்று பின்வாங்கியது.

"தங்கச்சி, எனக்குப் பயமா இருக்கு," என்றது. "இத்தனை நாளா உங்கிட்ட பொய் சொன்னேன். என் வயித்துல ஒண்ணுமே இல்ல. நாளைக்குக் குஞ்சுங்க ஓடும். ஓடுறதைப் பார்த்தா என் கால் நிக்காது. இதுங்களைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிடு."

பொரிக்காத குஞ்சை எங்கே கூட்டிக்கொண்டு போவது? சிலம்பாயிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு, இந்த ஐந்து நாளும் என்னதான் தின்றாய் என்று கேட்டது. புல், பட்டை, கல் என்று நரி ஒப்பித்தது. காடைக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"ஏன் அண்ணே, போன வருஷம் கடலைக் காட்டிலேருந்து வாய் நிறைய கடலையோட வருவியே. நாவல் மரத்தடியில நாக்கெல்லாம் நீலமா நிப்பியே. பனம்பழம் கிடைச்சா நார்கூட மிச்சம் வைக்காம சப்புவியே. அதையெல்லாம் ஏன் தின்னல?"

நரி திருதிருவென்று விழித்தது. "அதுவா? அது சாப்பாடு இல்லையே."

விஷயம் இதுதான். நரிக் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஓடித் துரத்திப் பிடித்ததைத்தான் சாப்பாடு என்பார்கள். வழியில் கிடந்ததைப் பொறுக்கித் தின்றால் அது சேர்த்தி இல்லை, சும்மா வாய்க்கு. வயிறு முட்டக் கடலை தின்றுவிட்டு வருகிற நரியை நிறுத்திக் கேட்டாலும், இன்னும் சாப்பிடவில்லை என்றுதான் சொல்லும். கருக்கனும் அப்படியே வளர்ந்தது. அதனால் சைவம் என்றதும் மற்றவர்களின் புல்லும் பட்டையும் நினைவுக்கு வந்தனவே தவிர, தான் ஆசையாகத் தின்ற கடலை நினைவுக்கு வரவில்லை.

"எது சாப்பாடு, எது சும்மா வாய்க்குன்னு உன் வயித்துக்குத் தெரியுமா?" என்று கேட்டது காடை.

நரிக்குக் குழப்பம் முழுக்கத் தீரவில்லை. ஓடாமல் தின்றால் அது எப்படிச் சாப்பாடு ஆகும் என்று முனகிக்கொண்டே கடலைக் காட்டுக்குப் போய் நாலு செடியைப் பிடுங்கித் தின்றது. நாவல் மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்கியது. திரும்புகிற வழியில், கரை மேல் நின்ற பனையிலிருந்து ஒரு பழம் விழுந்து சரிவில் உருண்டது. அவ்வளவுதான், கால் தானாகப் பாய்ந்தது. துரத்தி ஓடி, குளத்தில் விழுமுன் எட்டிப் பிடித்து, முன்னங்கால் இரண்டாலும் அமுக்கிக்கொண்டு மூச்சிரைக்கச் சப்பியது. ஆறு நாளில் முதல்முறையாக, சாப்பிட்டோம் என்று அதற்குத் தோன்றியது. பொழுது சாய்வதற்குள் முடிகிற காரியத்துக்கா காடெல்லாம் அலைந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலை ஐந்து முட்டையும் பொரிந்தன. காடைக் குஞ்சு கூட்டிலேயே வாயைப் பிளந்துகொண்டு கிடக்காது. ஈரம் காய்ந்ததும் ஓட ஆரம்பித்துவிடும். ஐந்தும் ஓடின. ஓடிய திசையைப் பாருங்கள், நேராக நரியின் மூக்குக்குக் கீழே!

கருக்கனின் முன்னங்கால் எழுந்தது. அதற்கே தெரியாமல் எழுந்து, அந்தரத்தில் அப்படியே நின்றது. வயிறு நிறைந்திருந்தது. எச்சில் ஊறவில்லை. கால் மட்டும், என்ன செய்வதென்று புரியாமல் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு மெள்ளத் தரையில் இறங்கியது. கடைசிக் குஞ்சு அந்தக் கால் மேலேயே ஏறி இறங்கி ஓடியது.

நரி கண்ணை இறுக மூடிக்கொண்டது. "தங்கச்சி, எண்ணிப் பாரு. அஞ்சும் இருக்கா?" என்று அழுகிற குரலில் கேட்டது.

"அஞ்சும் இருக்கு, அண்ணே. கண்ணைத் தொற," என்றது காடை.

புது வழக்கத்துக்கு மாறுகிறவர்கள் ஊரார் தின்பதையெல்லாம் தின்று பார்த்துக் குழம்ப வேண்டாம். தன் வாய்க்கு ஏற்கெனவே பிடித்ததிலிருந்து தொடங்கினால் சொன்ன சொல்லும் நிற்கும், வயிறும் நிறையும்.