மணலாகிப்போன சர்க்கரை

சர்க்கரை அரண்மனைக்கு வெளியே அவ்வளவாகக் கிடைக்காத முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவருக்கு இரண்டு பண்டங்கள் வந்தாக வேண்டும். ஒன்று, ஒரு கரண்டி சர்க்கரை. அதை அரண்மனைச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரர் சடையன் கொண்டுவருவார். மற்றது, ஒரு வினோதச் செய்தி; அதை அரண்மனை எழுத்தர் திருமேனி கொண்டுவருவார்.

பழைய அரசர்கள் எதற்குக் கோபித்தார்கள், எந்தப் போர் மழையால் நின்றது என்று விசாரித்து எழுதுவது திருமேனியின் வேலை. மிச்ச நேரத்தில் வேலியோரம் நின்று ஏதாவது இலையைக் கிள்ளி மென்றுகொண்டிருப்பார். அவர் வீட்டில் சுவடிகளுக்கு நடுவே தழைகள் காயும். ஒருமுறை சுவடிக்கட்டு என்று நினைத்து ஆடாதொடைக் கட்டைச் சபைக்கு எடுத்துவந்து பிரித்துவிட்டார். அரசருக்கு அன்று இருமல் இருந்ததால் அதுவும் வீணாகவில்லை.

பிரதானி இராகவராயருக்கு இது பொறுக்கவில்லை. அவர் ஏரிக்கரை உடைந்ததைச் சொன்னால் கொட்டாவி விடுகிற அரசர், எழுத்தர் வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருகிறார்.

ஒருநாள் திருமேனி வாசித்தார்: "தங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு காலையில் சர்க்கரையை வாயில் போட்டார். 'இது மணல். உக்கிராணக்காரனைத் துரத்துங்கள்' என்றார்."

பிரதானி உடனே எழுந்தார். "மகாராஜா, சர்க்கரைக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரியாதவர் தங்கள் முன்னோர் என்று இந்த மனிதர் எழுதி வைத்திருக்கிறார். நாளைக்குத் தங்களைப் பற்றி என்ன எழுதுவாரோ."

அரசரின் முகம் மாறியது. "திருமேனி, புத்தியுள்ள ஒருவர் சர்க்கரையை மணல் என்று சொல்ல முடியும் என நாளைச் சபையில் காட்டு. முடியாவிட்டால் நீ எழுதியதெல்லாம் அடுப்புக்குப் போகும். நீ ஊரைவிட்டுப் போகலாம்."

"உத்தரவு" என்றார் திருமேனி. எழுதியது அவருடைய பாதி ஆயுள். ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் நேராக வேலிப்பக்கம் போனார்.

மறுநாள் ஒரு தட்டில் பச்சை இலைகளோடு வந்தார். "தங்கள் கொள்ளுத்தாத்தா தினமும் காலையில் இந்த இலையை மென்று வாய் கொப்பளிப்பார். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம், மகாராஜா."

"விஷமாக இருந்தால்?" என்றார் பிரதானி.

திருமேனி இரண்டு இலைகளை மென்று விழுங்கிவிட்டுத் தட்டை அவர் பக்கம் நீட்டினார். "தாங்களும் ஒன்று?"

"ஆடு தின்கிறதை நான் ஏன் தின்ன வேண்டும்? எங்களில் யாருக்கும் வேண்டாம்."

அரசர் மட்டும் ஓர் இலையை மென்றார். கசப்பில் முகம் சுளித்து, வாய் கொப்பளித்தார். சடையன் கிண்ணத்தில் சர்க்கரை கொண்டுவந்தார். அரசர் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார்.

"இது மணல். உக்கிராணக்காரனைத் துரத்துங்கள்."

"சாமி, காலையில நானே நாக்குல வச்சுப் பார்த்தேனே, சர்க்கரைதான் சாமி" என்றார் சடையன்.

பிரதானி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். தித்தித்தது. அரசரைப் பார்த்தார். எழுத்தரைப் பார்த்தார். "மணலேதான், மகாராஜா. ஆற்று மணல். இந்த எழுத்தர் ஆளைப் பிடித்து மாற்றி வைத்திருக்கிறார்."

மற்ற பிரபுக்களுக்கும் கிண்ணம் போனது. ஒருவர் பல்லில் கல் மாட்டியது என்றார். இன்னொருவருக்குக் கிளிஞ்சல் கூடக் கிடைத்தது.

"மகாராஜா, மணல் தண்ணீரில் கரையாது. அடியில் தங்கும்" என்றார் திருமேனி. ஒரு குவளைத் தண்ணீரில் கிண்ணத்தைக் கவிழ்த்து நிதானமாகக் கலக்கினார். சபையே எட்டிப் பார்த்தது. அடியில் ஒன்றுமே இல்லை. கிளிஞ்சலும் இல்லை.

"இது சிறுகுறிஞ்சான் கொடியின் இலை. நாக்கில் இனிப்பு நுழைகிற வாசலை மட்டும் இது சாத்திவிடும். உப்புக்கும் புளிப்புக்கும் வேறு வாசல். அவை வழக்கம்போல் வந்து போகும். கொஞ்ச நேரத்தில் சாத்திய வாசல் தானே திறந்துகொள்ளும். தங்கள் கொள்ளுத்தாத்தாவின் புத்தியில் குறையில்லை, மகாராஜா. அவர் இலை மென்றிருந்தார்."

அரசர் குவளைக்குள் குனிந்து பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். "நான் இலை மென்றேன். எனக்கு மணல். பிரதானியாரே, நீர் மெல்லவில்லையே?"



"என் நாக்கு எப்போதும் மகாராஜாவின் நாக்கையே பின்பற்றி நடப்பது" என்றார் பிரதானி.

அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது; அதற்குள் நாக்கின் வாசலும் திறந்துவிட்டது. குவளைத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "தித்திக்கிறது" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். சடையனுக்குப் பட்டு வேட்டி கொடுத்தார். திருமேனிக்குத் தன் முத்துமாலையையும் ஒரு பானை சர்க்கரையையும் கொடுக்கச் சொன்னார்.

"மாலையை இன்றே வாங்கிக்கொள்கிறேன், மகாராஜா. நான் ஓர் இலை அதிகம் மென்றேன், பானை நாளைக்கு வரட்டும்" என்றார் திருமேனி.

அதன்பிறகு அரசர் எதையாவது சாப்பிட்டுவிட்டு "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் அந்தச் சபையில் யாரும் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. பிரதானிதான் எழுந்து, மிகுந்த பணிவோடு, "மகாராஜா, இன்று இலை மென்றீர்களா?" என்று முதலில் கேட்பார்.