கவரிமா ஏன் கத்துவதில்லை

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் நம்மைப்போல் பேசித் திரிந்தபோது, பனிமலையில் பெரிய சத்தம் கவரிமாக்களுடையதுதான். உடம்பெல்லாம் சடை தொங்கும் மலைமாடுகள் அவை. ஒன்று "ம்மா" என்று கத்தினால் அடுத்த மலைக்குக் கேட்கும். மானம் அந்தக் குரலைவிடப் பெரிது. இன்னொருவர் வாலைப் பார்த்துக்கொண்டு நடப்பது கேவலம் என்று ஒரு கொள்கை வைத்திருந்தன. எங்கே போனாலும் தோளோடு தோள் ஒட்டி, மலையை அடைத்துக்கொண்டுதான் போகும். நல்ல கொள்கைதான், போங்கள்.

ஒரு பனிக்காலத்தில் இந்தப் பக்கத்துப் புல்லெல்லாம் பனிக்கு அடியில் போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கம் புல் இருந்தது. போக இரண்டு வழி. முகட்டு வழி குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். மற்றது அகலமான சரிவு. அங்கே புதுப்பனி விழுந்து, காற்றும் தன் பங்குக்கு அள்ளிக் குவித்திருந்தது.

செங்காலி என்ற மலைக்காக்கை மந்தைத் தலைவன் பெருங்கொம்பனிடம் வந்து சொன்னது.

"சரிவுப் பக்கம் போகாதீங்க மாமா. அடியில பழைய பனி கல்லா இறுகிக் கிடக்கு. புதுசு அதுமேல ஒட்டாம சும்மா உட்கார்ந்திருக்கு. வெயில் ஏறினா மொத்தமா வழுக்கிடும். காலையிலேயே முகட்டு வழியா போயிடுங்க."

"முதல்ல யார் போறது?"

"யாராவது போங்களேன்."

"அப்ப மத்தவங்க பின்னால வரணுமா?"

தலையில் அடித்துக்கொள்ளக் கை இல்லாததால் செங்காலி சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டது.

யார் முன்னால் போவது என்ற சண்டை வெயில் உச்சிக்கு வரும்வரை நடந்தது. கடைசியில், யாரும் யாருக்கும் பின்னால் போக வேண்டாம், சரிவிலேயே போய்விடலாம் என்று முடிவாயிற்று. அதுவும் அந்த வெயிலில்.

"சரி, ஒவ்வொருத்தராவாவது கடந்து போங்க," என்று செங்காலி கெஞ்சியது. "ஒருத்தர் போறப்ப மத்தவங்க நின்னு பாருங்க. புதைஞ்சா தோண்டி எடுக்க ஆள் வேணும்ல?"

"நாங்க என்ன எறும்பா, வரிசையா போறதுக்கு?" என்றது பெருங்கொம்பன்.

எருமைமாட்டின் மேல் மழை பெய்த கதைதான். இது எருமைக்குத் தம்பி, மழைக்குப் பதில் பனி.

மொத்த மந்தையும் ஒன்றாய்ச் சரிவில் இறங்கியது. பாதி தூரம் போனதும் காலுக்கு அடியில் 'பொதுக்' என்று ஒரு சத்தம். மேலே பனியில் நீளமாக ஒரு விரிசல் ஓடியது. அடுத்த கணம் சரிவே பெயர்ந்து கீழே வந்தது. பெரியவை எல்லாம் எப்படியோ உருண்டு புரண்டு எழுந்துவிட்டன. கருமுகி என்ற தாய்மாட்டின் கன்றை மட்டும் காணவில்லை.

உடனே தோண்டினார்களா? அதுதான் இல்லை. "உன் கனத்தாலதான்," "நீதான் இடிச்சே," என்று ஆளாளுக்கு மலை அதிரக் கத்தினார்கள். சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை.

"உள்ள மூச்சு ரொம்ப நேரம் நிக்காது, தேடுங்க," என்று செங்காலி கதறியது.

கருமுகி பனியில் காதை வைத்துப் பார்த்தது. மந்தையின் கூச்சல்தான் கேட்டது. நிமிர்ந்தது.

"வாயை மூடுங்க எல்லாரும். என் பிள்ளை உள்ள கிடக்கு. உங்க மானத்தைப் பேசுற நேரமா இது?"

பிறந்ததிலிருந்து அந்த மந்தை அப்படி அமைதியாக இருந்ததில்லை. அந்த அமைதியில், பனிக்கு அடியிலிருந்து தொண்டைக்குள் அடங்கிய ஒரு உறுமல் வந்தது. கன்றுதான். வாய் நிறையப் பனி, கத்த முடியவில்லை.

எல்லாரும் அந்த இடத்தில் கொம்பாலும் குளம்பாலும் தோண்டினார்கள். முதலில் காது தெரிந்தது, பிறகு மூக்கு. வெளியே வந்த கன்று மறுபடி உறுமியது. கத்தினால் அந்தச் சின்னக் குரல் மறுபடி கேட்காமல் போய்விடுமோ என்று கருமுகிக்குப் பயம். அதுவும் மெதுவாக உறுமியே பதில் சொன்னது.

மறுநாள் விடிந்ததும் கருமுகி முகட்டு வழியில் முதல் அடி வைத்தது. பனியை முகர்ந்து, காலால் அழுத்திப் பார்த்து நடந்தது. அதன் வாலுக்குப் பின்னால் கன்று வந்தது. கன்றின் வாலுக்குப் பின்னால், வாயே திறக்காமல், பெருங்கொம்பன் வந்தது.

அன்று தொட்டுத்தான் கவரிமாக்கள் பனியில் முன்னால் போவதன் குளம்படியிலேயே குளம்பை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. மற்ற மாடுகள்போல் கத்துவதும் இல்லை, தொண்டைக்குள் உறுமுவதோடு சரி. பனிக்கு அடியிலிருந்து யாராவது கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே.