ஓசூருக்கு எட்டாத சிவப்பு

ரெஹானாவுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் கணினி நிரல் எழுதக் கற்கும் சூசைமாணிக்கத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். கணினி தன்னை ஏமாற்றிவிடும் என்பதுபோல முறைத்துக்கொண்டேதான் வேலை செய்வார்.

அன்றைய பாடம், தமிழ்நாட்டு வரைபடத்துக்கு நிரலால் நிறம் பூசுவது. சொந்த ஊர் அடர்சிவப்பாக இருக்க வேண்டும். அங்கிருந்து நிறம் வட்டமாகப் பரவி, போகப் போக வெளுத்து, வெள்ளையில் முடிய வேண்டும். வட்டத்தின் மையத்தையும் ஆரத்தையும் சரியாகச் சொல்லிவிட்டால் மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

வகுப்பில் மற்றவர்கள் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். சூசைமாணிக்கம் மட்டும் ஆரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் மாநிலம் முழுக்க ஒரே சிவப்பு.

"இதுல உங்க ஊரு எங்க சார் இருக்கு?" என்றாள் ரெஹானா.

"ஓசூர் வெள்ளையாவே இருந்துச்சு டீச்சர். அது வரைக்கும் போகட்டும்னுதான் கூட்டினேன்."

"ஓசூர்ல யாரு?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"மக. அவளாப் பாத்துக் கட்டிக்கிட்டா. நான் கல்யாணத்துக்குப் போகல. நாலு வருசம் ஓடிப்போச்சு."

"பேசுவாங்களா?"

"அவ அம்மாகிட்ட போன்ல பேசுவா. நான் பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்துல உக்காந்து கேப்பேன். பேரன் சிரிக்கிறதும் கேக்கும். அவ மொகத்தப் பாக்கணும் போல இருக்கு டீச்சர். வருவா வருவான்னுதான் இருக்கேன்."

"வரச் சொன்னீங்களா?"

"நானா? பெத்தவன்லா நான்."

ரெஹானா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆரத்தைப் பழையபடி குறைத்தாள். மையத்துக்கு அவர் கொடுத்திருந்த எண்களை அழித்துவிட்டு வேறு எண்களைப் போட்டாள்.

ஓசூர் செக்கச்செவேலென்று ஆனது. சேலத்துக்கு வரும்போதே நிறம் வெளுத்துவிட்டது. அதற்குத் தெற்கே ஒன்றுமில்லை.

சூசைமாணிக்கம் ஓசூரின்மேல் விரலை வைத்தார். விரலை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகுதான் கீழே பார்த்தார்.

"இப்ப தூத்துக்குடி வெள்ளையாப் போச்சே டீச்சர்."

"போனா போகட்டும் சார். நீங்க இன்னும் இங்கயேவா உக்காந்திருக்கப் போறீங்க?"