ஏழாம் வாய்ப்பாடு

"நாற்பது பிள்ளைக்குச் சொல்றதை எண்பது பிள்ளைக்கும் சொல்லலாம். தொண்டை ஒண்ணுதானே?" என்றார் கல்வி அதிகாரி தாண்டவமூர்த்தி. பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்த அந்தப் பள்ளியில், மூன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கும் உத்தரவோடு அவர் வந்திருந்தார். வேலை போகவிருந்தது தற்காலிக ஆசிரியை தெய்வானைக்கு.

எல்லாரையும் ஒரே அறையில் அடைத்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். ஓடு அதிர்ந்தது.

"பாத்தீங்களாம்மா? எல்லாருக்கும் தெரியுது. அப்புறம் நீங்க எதுக்கு?"

"நியாயந்தானுங்க சார்," என்றாள் தெய்வானை. "ஆனா இதுல ஒரு பிள்ளைக்குத் தமிழே தெரியாது. ஒடிசாவிலிருந்து இப்பத்தான் வந்திருக்கா. அது யாருன்னு காட்டிட்டீங்கன்னா நானே கிளம்பிக்கிறேன்."

அதிகாரி பெஞ்சு பெஞ்சாகத் தேடினார். எல்லா முகமும் ஒன்றுபோலவே இருந்தது.

"நிச்சயமா இவ இல்ல. இவதான் எல்லாரையும்விடக் கணீர்னு சொன்னவ," என்று முன்வரிசைச் சிறுமியின் தலையைத் தடவினார். "உன் பேரென்ன கண்ணு?"

அவள் எழுந்து கைகட்டி நின்று கணீரென்று சொன்னாள்: "ஈரேழு பதினாலு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"இவகூடத் தனியா உக்காந்து பேசணுங்க சார்," என்றாள் தெய்வானை. "எண்பது பேர்ல எனக்கும் இவளைத் தெரியாமப் போயிடும்."

அதிகாரி உத்தரவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தெய்வானை தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.