ராஜாவின் சக்கர வீடும் கட்டைக்கால் மாடுகளும்

வண்டிக்கு மாடு பிடிக்கச் சந்தைக்குப் போனால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பல்லையா, சுழியையா, திமிலையா? கொன்றையப்பன் இதில் எதையும் பார்க்கவில்லை. அவன் பார்த்ததே வேறு. அதற்காக ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர் பிறகு தொப்பலாக நனைந்தும் போனார்.

கரும்பாறைச் சீமையின் மணிமுடி ராஜாவுக்கு எதிரிகள் என்றால் பயமில்லை. மாமனார் வீட்டு மூட்டைப்பூச்சி என்றால்தான் பயம். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த அரண்மனையில் ஒரு ராத்திரி படுத்தால் போதும், மாசம் பூராவும் சொறிந்துகொண்டே தர்பார் நடத்துவார். இப்போதோ மைத்துனனுக்குக் கல்யாணம். போகாமல் இருந்தால் ராணி விடுவாளா?

ராஜா தச்சர்களைக் கூப்பிட்டார். சக்கரம் வைத்து ஒரு வீட்டையே கட்டச் சொன்னார். உள்ளே கட்டில், ஊஞ்சல், மூலையில் அடுப்பு, ராணிக்கு ஆளுயரக் கண்ணாடி.

"மாமா வாசலிலேயே நிறுத்திவிட்டு, நம்ம கட்டிலில் நாம் படுத்துக்கொள்வோம்" என்று ராணியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

வீடு தயார். இழுப்பது யார்? அங்கேதான் வந்தது தகராறு.

"என் குதிரைகள் இருக்கும்போது என்ன கவலை மகாராஜா?" என்று மீசையைத் தடவினார் குதிரை லாயத் தலைவர் வீரகேசரி. "காற்றாய்ப் பறக்கும்!"

சபையில் வேடிக்கைப் பேச்சுக்கென்றே இருந்தவன் கொன்றையப்பன். அவன் வாய் சும்மா இருக்குமா? "வீடு பறக்கவா வேண்டும் லாயத்தாரே? போய்ச் சேர்ந்தால் போதாதா?"

சபை கொல்லென்று சிரித்தது. வீரகேசரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்படியென்றால் நீயே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாயேன். பந்தயம் வைப்போம். நீ தோற்றால் இந்தச் சபைப் பக்கமே வரக்கூடாது. காலமெல்லாம் என் லாயத்தில் குதிரைச் சாணி அள்ள வேண்டும். சம்மதமா?"

"நல்ல பந்தயம்!" என்று தொடையைத் தட்டினார் ராஜா. அவர் தட்டிவிட்டால் தட்டியதுதான்.

வாய்க்கொழுப்பு சீலையில் வடிந்தது என்பார்களே, அந்த நிலைமையில் வீடு திரும்பினான் கொன்றையப்பன். மேட்டில் நின்றிருந்த அவன் குட்டி மகள் அப்பாவைக் கண்டதும் குடுகுடுவென்று இறக்கத்தில் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் நிற்க முடியவில்லை. மடேரென்று அவன் முழங்காலில் மோதினாள். குழந்தை சிரிக்க, அவன் குப்புற விழ, வாசல் கோலமெல்லாம் வேட்டியில்.

"ஓட வைக்க ஒரு துண்டு வெல்லம் போதும்டி. நிற்க வைக்கத்தான் ஆள் வேணும்" என்று மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தவன், சட்டென்று அப்படியே நின்றுவிட்டான். முகத்தில் ஒரு சிரிப்பு.

மறுநாள் சந்தை. கொன்றையப்பன் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை. மாடுகளை ஒரு சரிவில் வண்டியில் பூட்டச் சொன்னான். பின்னால் போய் வண்டியை மாடுகள் மேலேயே தள்ளினான். பாய்ந்து ஓடிய ஜோடிகளையெல்லாம் வேண்டாம் என்றான்.

தரகர் தலையிலடித்துக்கொண்டார். "சாமி, மாடுதான் வண்டியை இழுக்கும். வண்டி மாட்டைத் தள்ளாது!"

"தள்ளும் அண்ணே. பார்க்கத்தானே போறீங்க."

கடைசியில் வந்தது குள்ளமான கட்டைக்கால் மலைமாடு ஒரு ஜோடி. அவன் என்ன தள்ளியும் குளம்பை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்துகொண்டு, அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை. அவற்றைப் பிடித்து வந்தான்.

பந்தய நாள் வந்தது. மாடுகளைக் கண்ட வீரகேசரி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இதுகளா? நான் என்றைக்காவது உன் மாட்டை இரவல் கேட்டால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்!"

"மாமனார் ஊருக்குப் போகும் வழியில் பெரிய இறக்கம் உண்டே, மகாராஜா. அதனால் பந்தயத்தையும் இறக்கத்திலேயே வைக்கலாமா?" என்றான் கொன்றையப்பன் பணிவாக.

"தாராளமாக!" என்று ராஜாவை முந்திக்கொண்டார் வீரகேசரி. "இறக்கம் என்றால் என் குதிரை இன்னும் பறக்கும்!"

ராஜாவும் ஒப்புக்கொண்டார். வீட்டின் எடைக்குக் கல் ஏற்றிய இரண்டு வண்டிகள் கோயில் மேட்டில் தயாராக நின்றன. கீழே தெப்பக்குளத்துக் கரையில் தன் வெள்ளைக்குடையை நட்டார் ராஜா.

"யார் வண்டி முதலில் இந்தக் குடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதோ, அவரே ஜெயித்தவர்!"

முரசு முழங்கியது. குதிரைகள் பறந்தன. வண்டிமேல் மீசை பறக்க வீரகேசரி. பாதி இறக்கம் தாண்டியதும் குதிரைகள் வண்டியை இழுக்கவில்லை. வண்டிதான் குதிரைகளைத் துரத்தியது. "ஹோ! ஹோ!" என்று கத்தினார். குதிரைகள் நிற்கப் பார்த்தன, கல் விடவில்லை. ராஜா ஒரு பக்கம் தாவினார், குடை ஒரு பக்கம் சாய்ந்தது. வார் அறுந்து குதிரைகள் கரையோடு ஒதுங்கிப் பிழைத்தன. வண்டியும் வீரகேசரியும் மட்டும் நேராகக் குளத்துக்குள்!

பிறகு வெகுநேரம் கழித்து, குளம்பை ஊன்றி ஊன்றி, அசை போட்டபடி வந்தன கட்டைக்கால் மாடுகள். குடைக்குப் பக்கத்தில் வந்ததும் கொன்றையப்பன் கயிற்றைப் பிடித்தான். நின்றன.

"நான்தான் முதலில் வந்தேன்!" என்று குளத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"வந்தீர்கள், இல்லையென்று யார் சொன்னது? மகாராஜா நிற்கத்தானே சொன்னார்" என்றான் கொன்றையப்பன். "வண்டியை இழுக்க எது வேண்டுமானாலும் இழுக்கும், மகாராஜா. அது தள்ளும்போது தாங்குகிறதா என்றுதான் நான் பார்த்தேன். இல்லாவிட்டால் மாமனார் வாசலில் நிற்க வேண்டிய வீடு அவர் கூடத்துக்குள்ளேயே போய் நிற்கும்."

"மூட்டைப்பூச்சிக்கு நடுவிலேயா!" ராஜா சிரித்த சிரிப்பில் சாய்ந்திருந்த குடை முழுசாக விழுந்தது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொன்றையப்பனுக்குப் போட்டார். மாடுகளுக்கு ஆளுக்கொரு பட்டுத்துண்டு.

அப்போது குளத்துக்குள் யாரோ இருமினார்கள். தலையில் தாமரை இலையோடு, மீசையில் பாசி தொங்க, கல்வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார் வீரகேசரி. கொன்றையப்பன் முகத்தைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தம்பி கொன்றையப்பா... கோவிச்சுக்காதேப்பா. அந்த மாட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஓட்டிட்டு வாயேன்."